டோனரின் செல்களை முன்பே எடுத்து வையுங்கள்: ஸ்டெம்செல் மாற்றுக்குப் பின் எதிர்ப்பு செல் சிகிச்சையில் கவனிக்க வேண்டியவை

ஸ்டெம்செல் ஏற்றி இரண்டு மூன்று வாரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஏறத் தொடங்கியதும், கண்டம் தாண்டியாயிற்று என்று குடும்பம் மூச்சுவிடும். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் ரத்த எண்ணிக்கை ஏறுவது வேறு, எதிர்ப்பு சக்தி திரும்புவது வேறு. நியூட்ரோஃபில் பாக்டீரியாவைப் பார்த்துக்கொள்ளும். வைரஸை அடக்குவதும், மிச்சமிருக்கும் ரத்தப் புற்றுசெல்லைத் தேடி அழிப்பதும் டி செல் எனும் வெள்ளணுக்களின் வேலை. அவை நிலையாகத் திரும்ப மாதங்கள் ஆகும். திசுப் பொருத்தம் பாதியே உள்ள டோனர் என்றாலோ, டி செல்லை அழிக்கும் ஏ.டி.ஜி. போன்ற மருந்து கொடுத்திருந்தாலோ இன்னும் நீளும். இந்த இடைவெளியில்தான் சி.எம்.வி., ஈ.பி.வி., அடினோ, பி.கே. என்று வைரஸ்கள் வரிசையாகத் தலைதூக்கும். பழைய நோய் திரும்புவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது. சி.எம்.வி.க்கு கான்சிக்ளோவிர், கிலோவுக்கு 5 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை. அது வைரஸைக் குறைக்கும். புதிதாக முளைத்த மஜ்ஜையையும் சேர்த்து அமுக்கும். ஃபாஸ்கார்னெட் மஜ்ஜையை விட்டுவிடும், சிறுநீரகத்தைப் பிடிக்கும். பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் மூன்றும் இறங்கும். மருந்தை நிறுத்தியதும் வைரஸ் திரும்ப ஏறினால் அதைத் தடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அந்த ஆளை, அதாவது டோனரின் டி செல்லையே, அளவறிந்து நேரமறிந்து உள்ளே அனுப்புவதுதான் எதிர்ப்பு செல் சிகிச்சை.

இதில் செல்லை ஏற்றும் பதினைந்து நிமிடம் மிக எளிது. வெற்றி தோல்வியை முடிவு செய்பவை இரண்டு: மாற்றுக்கு முன்பே செய்து வைத்த ஏற்பாடு, செல் உள்ளே போகும்போது உடம்பில் டி செல்லை அமுக்கும் ஸ்டீராய்டு மருந்து இருக்கிறதா என்பது. இந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

எந்த செல், எதற்கு

முதலாவது டோனர் லிம்போசைட், சுருக்கமாக டி.எல்.ஐ. டோனரின் ரத்தத்திலிருந்து பிரித்த லிம்போசைட்டை (டி செல் அடங்கிய வெள்ளணுக்களை) அப்படியே கொடுப்பது. 1990இல் மியூனிக்கில் கோல்ப் குழுவினர், மாற்றுக்குப் பின் நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா திரும்பிய 3 பேருக்கு டோனரின் வெள்ளணுக்களைக் கொடுத்து நோயை மறுபடி அடக்கியதாக எழுதினார்கள். இன்று நோய் திரும்பும் வரை காத்திருக்காமல், நோயின் சிறு தடயம் தெரியும்போதோ, நோயாளியின் ரத்தத்தில் டோனர் செல்லின் பங்கு குறையும்போதோ, அதிக ஆபத்துள்ளவர்களுக்கு எதுவும் தெரியாதபோதே தடுப்பாகவோ கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, குறிப்பிட்ட வைரஸை மட்டும் அடையாளம் காணும் டி செல். சியாட்டிலில் ரிடெல் குழு 1992இலும் 1995இலும் வெளியிட்ட வேலை இதற்கு அடித்தளம். 1995 ஆய்வில் 14 பேருக்கு, சகோதர டோனரிடமிருந்து வளர்த்த சி.எம்.வி. டி செல்களை வாரம் ஒருமுறையாக 4 முறை கொடுத்தார்கள். ஒருவருக்கும் சி.எம்.வி. நோய் வரவில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: கொடுத்தவை கொல்லும் வகை செல்கள் மட்டும் என்பதால், நோயாளியிடம் சி.எம்.வி.யை அறியும் உதவி செல்கள் தானாகத் திரும்பாதபோது, கொடுத்தவையும் மெல்ல மங்கின. அதனால்தான் இப்போது தயாரிப்பில் இரண்டு வகையையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

ஈ.பி.வி.யில் கிடைத்த பலன் இதைவிடத் தெளிவு. மூன்று மையங்களில் 114 பேருக்குக் கொடுத்த முடிவு 2010இல் வந்தது. தடுப்பாகப் பெற்ற 101 பேரில் ஒருவருக்கும் ஈ.பி.வி. லிம்ஃபோமா (அந்த வைரஸ் தூண்டும் நிணநீர்ப் புற்று) வரவில்லை, ஏற்கெனவே வந்திருந்த 13 பேரில் 11 பேருக்கு முழுதாகக் கரைந்தது.

மூன்றாவது, அடக்கும் வகை டி செல், டிரெக் என்பார்கள். இது ஜி.வி.ஹெச்.டி.யை, அதாவது டோனர் செல் நோயாளியின் உடம்பையே தாக்கும் நோயை, தடுக்க. இத்தாலியின் பெருஜியாவில் முதலில் டிரெக், நான்கு நாள் கழித்து ஸ்டெம்செல்லோடு சாதாரண டி செல் என்று கொடுத்து, அதற்குப்பின் எதிர்ப்பை அடக்கும் மருந்தே தராமல் பார்த்தார்கள். பாதி பொருத்தமுள்ள டோனர்களோடு நடந்த அந்த ஆய்வில் 28 பேரில் 2 பேருக்கு மட்டுமே கவனிக்கத்தக்க ஜி.வி.ஹெச்.டி. வந்தது, முடிவு வெளியான ஆண்டு 2011. பிரித்தெடுக்கும் வசதி பெரிய அளவில் வேண்டும் என்பதால் நம் ஊர் வார்டில் இது இன்னும் தொலைவுதான். இங்கே ஜி.வி.ஹெச்.டி. தடுப்புக்குப் பெரிதும் கைகொடுப்பது, பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் உருவான முறை: மாற்றுக்குப் பின் 3ஆம் நாளும் 4ஆம் நாளும் கிலோவுக்கு 50 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற புற்றுமருந்து.

மாற்றுக்கு முன்பே

டோனரைத் தேர்ந்தெடுக்கும்போதே சி.எம்.வி. ஆன்டிபாடி பாருங்கள். இந்தியாவில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு சி.எம்.வி. வந்து போயிருக்கும், ஆகவே நோயாளி பாசிட்டிவ் என்றே வைத்துக்கொள்ளலாம். டோனர் நெகட்டிவ் என்றால் அவருடைய டி செல்லுக்கு அந்த வைரஸைப் பற்றிய நினைவு கிடையாது. அவரிடமிருந்து சி.எம்.வி. டி செல் பிரிக்கவும் முடியாது. ஹெச்.எல்.ஏ. எனும் திசு அடையாளப் பொருத்தம் சமமாக இருக்கும் இரண்டு சகோதரர்களில் ஒருவர் பாசிட்டிவ், மற்றவர் நெகட்டிவ் என்றால், பாசிட்டிவ் நோயாளிக்கு பாசிட்டிவ் டோனரே நல்லவர். நெகட்டிவ் ரத்தம்தான் சுத்தம் என்று குடும்பத்தில் நினைப்பதுண்டு. இந்த இடத்தில் அது தலைகீழ்.

அடுத்தது சேமிப்பு. டோனருக்கு ஸ்டெம்செல்லை ரத்தத்துக்குக் கொண்டுவரும் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போட்டு, ரத்தத்தை மெஷினில் ஓட்டிச் செல்லைப் பிரிக்கும் அஃபெரிசிஸில் எடுக்கும் பையில் ஸ்டெம்செல்லோடு டி செல்லும் ஏராளமாக இருக்கும், நோயாளியின் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 முதல் 30 கோடி. பின்னால் தேவைப்படக்கூடிய டி.எல்.ஐ. எல்லாவற்றையும் கூட்டினாலும் பையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சி.டி.34, அதாவது ஸ்டெம்செல், எண்ணிக்கை கிலோவுக்கு 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால் அந்தப் பங்கைத் தயங்காமல் ஒதுக்கி உறையவைக்கலாம். எண்ணிக்கை 20 லட்சத்தின் பக்கம் தடுமாறினால் ஒதுக்கக்கூடாது. மஜ்ஜை பிடிப்பதுதான் முதல் கடமை. மஜ்ஜையை நேரடியாக எடுக்கும் மாற்றில் டி செல் பல மடங்கு குறைவு, ஆகவே அங்கே பிறகு தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

ஒதுக்குவதை ஒரே பையில் போட்டு வைப்பது வீண் வேலை. ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைக்க முடியாது. கிலோவுக்கு 1 லட்சம், 10 லட்சம், 50 லட்சம், 1 கோடி என்று தனித்தனிப் பையாகப் பிரித்து, உறையும்போது செல்லைக் காக்க 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் சேர்த்து, திரவ நைட்ரஜன் தொட்டியில் வைக்க வேண்டும். உருக்கும்போது ஒரு பகுதி செல் சாகும் என்பதால் சற்றுக் கூட்டியே வையுங்கள். கூடவே பரிசோதனைக்கென்று ஒரு சிறு குப்பியும்.

இந்தச் சேமிப்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தேவைப்படும் நாளில் டோனர் கைக்கு எட்டமாட்டார். அண்ணன் துபாய்க்கு வேலைக்குத் திரும்பியிருப்பார். தங்கை கர்ப்பமாக இருப்பாள். சென்னையின் தாத்ரி போன்ற பதிவகம் வழியாகக் கிடைத்த டோனர் என்றால், இரண்டாவது முறை கேட்டு, அவர் சம்மதித்து, ஹெச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பரிசோதனைகளை மறுபடி செய்து, செல் வந்து சேர வாரங்கள் ஓடும். லுக்கீமியா அத்தனை வாரம் காத்திருக்காது.

அளவுக் கணக்கு

ஒத்த சகோதர டோனர் என்றால் தடுப்பு டி.எல்.ஐ.யின் முதல் அளவு பொதுவாகக் கிலோவுக்கு 10 லட்சம் சி.டி.3 செல், அதாவது டி செல். பாதி பொருத்தம் அல்லது உறவல்லாத டோனர் என்றால் அதில் பத்தில் ஒன்று, 1 லட்சம். சேமித்த பை இல்லாமல் புதிதாக எடுக்கிறோம் என்றால் கணக்கு இப்படி: டோனரின் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 1000 சி.டி.3 இருந்தால், ஒரு மில்லிலிட்டரில் 10 லட்சம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 10 லட்சம் வேண்டுமானால் 6 கோடி செல், அதாவது 60 மில்லி ரத்தம். கிலோவுக்கு 1 லட்சம் என்றால் வெறும் 6 மில்லி. கிலோவுக்கு 1 கோடி என்று வரும்போதுதான் 600 மில்லி ஆகிறது, அப்போது அஃபெரிசிஸ் மெஷின் தேவை. சிறிய அளவுக்கெல்லாம் டோனரை மெஷினில் மூன்று மணிநேரம் படுக்கவைக்க வேண்டியதில்லை. ரத்த வகை பொருந்தாவிட்டால் மட்டும் சிவப்பணுவை நீக்கியே கொடுக்க வேண்டும்.

கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி. ஜி.வி.ஹெச்.டி. இப்போது இருக்கிறதா? சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பை அடக்கும் மருந்துகளை நிறுத்திக் குறைந்தது 2 முதல் 4 வாரம் ஆகிவிட்டதா? அந்த நிறுத்தத்தால் மட்டுமே ஜி.வி.ஹெச்.டி. கிளம்புகிறதா என்று பார்த்தாயிற்றா? மூன்றாவதைத்தான் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். மாத்திரையை நிறுத்துவதே ஒரு டி.எல்.ஐ. போலத்தான், உள்ளே ஏற்கெனவே இருக்கும் டோனர் செல் விடுபடுகிறது. தலசீமியா குழந்தைகளில் டோனர் பங்கு குறையும்போதும் முதல் படி இந்த மருந்தைச் சரிசெய்வதுதான், செல் அதற்கு அடுத்துத்தான்.

அடுத்த அளவுக்கு 6 முதல் 8 வாரம் விட வேண்டும். டி.எல்.ஐ.யால் வரும் ஜி.வி.ஹெச்.டி. பல வாரம் கழித்தும் தலைகாட்டும். அதற்குள் அடுத்ததை ஏற்றினால் முதலில் கொடுத்தது என்ன செய்தது என்றே தெரியாமல் போகும்.

செல் ஏற்றும் நாள்

முந்தைய நாளே மருந்துச்சீட்டை எடுத்து ஸ்டீராய்டு இருக்கிறதா என்று தேடுங்கள். நம் மருத்துவமனைகளில் ரத்தம் ஏற்றுமுன் ஒவ்வாமைக்கான அவிலும் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டும் கைப்பழக்கமாகப் போடுவார்கள். ரத்தத்துக்கு அது சரி. டி செல் ஏற்றும்போது ஹைட்ரோகார்டிசோன் போட்டால் கொடுக்கும் செல்லை நாமே அமுக்குகிறோம். அவிலும் பாராசிட்டமாலும் போதும். வாந்திக்கு டெக்ஸாமெதசோன், ஆன்டிபயாடிக் ஒவ்வாமைக்கு ஒரு ஊசி என்று ஸ்டீராய்டு நுழையும் கதவுகள் நிறைய, எல்லாவற்றையும் அடையுங்கள். சைக்ளோஃபாஸ்ஃபமைடு முறையிலும் இதே விதி. அங்கே ஸ்டெம்செல் போன நாள் முதல் 4ஆம் நாள் மருந்து முடிந்து 24 மணிநேரம் ஆகும் வரை வாந்திக்குக்கூட ஸ்டீராய்டு கூடாது. நோயாளியின் உடம்பை எதிரியாகக் காணும் டோனர் செல் அந்த நாட்களில் பெருகினால்தான் மருந்து அதைப் பிடித்துக் கொல்லும். ஸ்டீராய்டு அந்தப் பெருக்கத்தை நிறுத்தி அதைத் தப்பிக்க வைத்துவிடும்.

அடுத்தது ஃபில்டர். மாற்று முடிந்தவருக்கு ஏற்றும் ரத்தமும் பிளேட்லெட்டும் வெள்ளணுவைத் தடுக்கும் லுக்கோ ஃபில்டர் வழியாக, 25 கிரே கதிர்வீச்சு கொடுத்த பிறகே வரவேண்டும். டி செல் பைக்கு இந்த இரண்டும் கூடவே கூடாது. ஃபில்டர் செல்லைத் தடுத்துவிடும், கதிர்வீச்சு பெருகும் திறனை அழித்துவிடும். வருடக்கணக்கில் சரியாகப் பழகிய கை இந்த ஒரு பையில் தவறிவிட வாய்ப்பு அதிகம். அதனால் பையின் மேலேயே பெரிய எழுத்தில் "கதிர்வீச்சு கூடாது, லுக்கோ ஃபில்டர் கூடாது" என்று ஒட்டி வையுங்கள். 170 முதல் 200 மைக்ரான் வலையுள்ள சாதாரண ரத்த செட் போதும். லைனில் நார்மல் சலைன் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது.

உறைந்த பையை இன்னொரு கிருமியற்ற உறைக்குள் போட்டு, 37 டிகிரி வாட்டர் பாத்தில் மெல்ல அசைத்து உருக்குங்கள். பை கீறியிருந்தால் அந்த வெளியுறைதான் செல்லைக் காப்பாற்றும். உள்ளே பனித்துணுக்கு ஒன்றிரண்டு மிஞ்சும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். உருகிய பிறகு டி.எம்.எஸ்.ஓ. செல்லுக்கு விஷம், ஆகவே கட்டிலருகே எல்லாம் தயாரான பிறகே உருக்க ஆரம்பியுங்கள். பெயர், நோயாளி எண், டோனர் எண், பை எண் நான்கையும் இருவர் உரக்க வாசித்துச் சரிபார்க்க வேண்டும். 10, 15 நிமிடத்தில் ஏற்றி முடித்துவிடலாம்.

சிறிய அளவு என்றால் ஒரு சிக்கல் உண்டு. 6 மில்லியை நீண்ட டிரிப் செட்டில் தொங்கவிட்டால் பெரும்பகுதி குழாயிலேயே தங்கிவிடும். சிரிஞ்சில் எடுத்து லைனில் மெல்லச் செலுத்தி, பின்னால் சலைன் விட்டுத் தள்ளுங்கள். பையானாலும் 10, 20 மில்லி சலைன் ஊற்றி அலசி, சுவரில் ஒட்டியதையும் அனுப்புங்கள். எண்ணி எண்ணிச் சேர்த்த செல் குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது.

நோயாளியின் மூச்சில் பூண்டு வாடை ஒரு நாள் அடிக்கும், டி.எம்.எஸ்.ஓ. வெளியேறுகிறது, பயமில்லை. நெஞ்சு இறுக்கம், முகச் சிவப்பு, ரத்த அழுத்த மாற்றம் வந்தால் வேகத்தைக் குறையுங்கள். முதல் ஒரு மணிநேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்றால் ஸ்டீராய்டு கொடுக்கத்தான் வேண்டும். அப்போது செல்லைப் பற்றி யோசிக்க இடமில்லை.

வைரஸ் டி செல்: எங்கே பிசகுகிறது

தயாரிக்கும் வழி இரண்டு. வைரஸின் புரதத் துணுக்குகளை டோனரின் செல்லுக்குக் காட்டி, அதைக் கண்டு இன்டர்ஃபெரான் காமா எனும் புரதம் சுரக்கும் செல்லை மட்டும் காந்த முறையில் பிரிப்பது ஒன்று. ஓரிரு நாளில் முடியும். கிடைப்பது சொற்பம், ஆனால் அது உடம்பில் பெருகும். டியூபிங்கனில் 2010இல் வெளிவந்த ஆய்வில், மருந்துக்கு அடங்காத சி.எம்.வி. உள்ள 18 பேருக்குக் கிலோவுக்குச் சராசரியாக 21 ஆயிரம் செல்தான் கொடுத்தார்கள். 83 சதவீதம் பேருக்கு வைரஸ் மறைந்தது அல்லது நன்கு குறைந்தது. இரண்டாவது வழி சுமார் 10 நாள் வளர்த்துப் பெருக்குவது. முன்பே வளர்த்து வங்கியில் வைத்த வேற்றாள் செல்லும் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை ஹெச்.எல்.ஏ. பொருந்துகிறது என்பதைவிட, பொருந்தும் அந்த ஹெச்.எல்.ஏ. வழியாக அந்த செல் வைரஸைத் தாக்குகிறதா என்பதே பெரிது. நாலு பொருந்தியும் தாக்காத செல்லைவிட, ஒன்று பொருந்தித் தாக்கும் செல் மேல்.

தோல்விக்கு அடிக்கடி காரணமாவது இங்கும் ஸ்டீராய்டுதான். பிரெட்னிசலோன் கிலோவுக்கு நாளைக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பலன் குறைவு என்பதால் பெரும்பாலான ஆய்வுகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. சமீபத்தில் கொடுத்த ஏ.டி.ஜி. ரத்தத்தில் மிச்சமிருந்தாலும் புது செல்லையும் தின்றுவிடும். நான்கு வாரமாவது விடுகிறார்கள். மற்றொன்று தாமதம். சி.எம்.வி. பி.சி.ஆர். (ரத்தத்தில் வைரஸின் அளவு) இரண்டு வார மருந்துக்குப் பின்னும் இறங்கவில்லை என்றால் அன்றே செல்லுக்கான பேச்சைத் தொடங்க வேண்டும். நுரையீரலைப் பிடித்து ஆக்சிஜனில் போன பிறகு செல் வந்தால், வைரஸைத் தாக்கும் அழற்சியே மூச்சை முட்டச்செய்யும். ஏற்றிய பிறகு பலன் தெரிய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை வைரஸ் மருந்தை நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை பி.சி.ஆர்., எப்போதும் ஒரே லேபில். லேபுக்கு லேப் எண் மாறும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே குழம்பிவிடும்.

இந்தச் சிகிச்சையை நம்புகிறவர்கள்தான் நாங்கள். அதனாலேயே இதையும் சொல்லியாக வேண்டும்: ஆறு வைரஸ்களுக்கு எதிராக ஒரே தயாரிப்பாக வந்த போசோலூசெல், இரண்டாம் கட்டத்தில் நல்ல நம்பிக்கை தந்தும், 2023 டிசம்பரில் அதன் மூன்று மூன்றாம் கட்ட ஆய்வுகளும் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று நிறுத்தப்பட்டன. ஈ.பி.வி. லிம்ஃபோமாவுக்கான டேபெலெக்லூசெல் 2022 டிசம்பரில் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதன் ஆய்வில் 43 பேரில் 22 பேருக்குப் பலன், அவர்கள் ரிட்டுக்ஸிமாப் என்ற வழக்கமான மருந்துக்கும் அடங்காதவர்கள். பாதிப்பேர் என்பது அந்த நிலையில் பெரிய விஷயம். நிச்சயம் குணமாகும் என்று சொல்லி யாராவது பணம் கேட்டால், எந்த வைரஸுக்கு, எந்த டோனர் செல், எந்த அளவு, எந்த ஆய்வு அனுமதியில் என்று எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

ஜி.வி.ஹெச்.டி. பெரும்பாலும் வீட்டில்தான் தொடங்கும். உள்ளங்கை, உள்ளங்கால், காது மடலில் சிவந்து அரித்தால் அன்றே படம் எடுத்து அனுப்புங்கள். களிம்பு தடவிக் காத்திருக்க வேண்டாம். வயிற்றுப்போக்கு என்றால் எத்தனை முறை என்பதைவிட எத்தனை மில்லி என்பதே மருத்துவருக்குத் தேவை. அளவு கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் பாத்திரம் வாங்கி 24 மணிநேரக் கணக்கு எழுதுங்கள். பெரியவருக்கு நாளைக்கு 500 மில்லியைத் தாண்டினால் குடல் ஜி.வி.ஹெச்.டி. என்று சந்தேகிக்க வேண்டும், 1000க்கு மேல் இரண்டாம் நிலை, 1500க்கு மேல் மூன்றாம் நிலை. கண் வெள்ளை மஞ்சளானால் பிலிருபின் பார்க்க வேண்டும். டி.எல்.ஐ.க்குப் பின் எல்லா ரத்த எண்ணிக்கையும் சேர்ந்து விழுவதும் உண்டு; டோனர் பங்கு முன்பே மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

ஊர் மருத்துவமனையில் காட்ட ஒரு தாளை எழுதிப் பையில் வைத்திருங்கள். மாற்று நடந்த தேதி, டோனர் யார், இருவரின் ரத்த வகை, கடைசியாக டி செல் ஏற்றிய தேதியும் அளவும், இப்போது சாப்பிடும் மருந்துகள், மாற்று மையத்தின் 24 மணிநேர எண். அதன் கீழே இரண்டு வரி: ரத்தமோ பிளேட்லெட்டோ ஏற்றினால் கதிர்வீச்சு கொடுத்ததாகவே இருக்கவேண்டும், உயிருக்கு ஆபத்து என்றாலன்றி, மாற்று மையத்தைக் கேட்காமல் டெக்ஸாமெதசோன், ஹைட்ரோகார்டிசோன் ஊசி போடவேண்டாம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் தாளோடு கிளம்புங்கள், மையத்துக்கு வழியிலிருந்தே போன் செய்யுங்கள்.